பின்தட்டில் ஏறிய பாரம்

அளந்து பார்க்க முடியாத எதையும் நான் நம்பியதில்லை. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பேய்க்கதை உண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வெள்ளைச் சேலை, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் சுருட்டு நெருப்பு, பாலத்தடியில் யாரோ இருமுவது, யார் வந்து சொன்னாலும் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். நேரில் பார்த்தீர்களா, வெளிச்சம் இருந்ததா, குடித்திருந்தீர்களா. மூன்றையும் தாண்டி வந்த கதை ஒன்றுகூட இல்லை. நான் போலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். மலேசியாவில் சிரம்பானுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. ஒரு மெஷின் நின்றுபோனால் அதற்கான காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவதுதான் என் பிழைப்பு. அதனால் இதைக் கேட்டுவிட்டு அதே மூன்று கேள்வியை நீங்கள் என்னிடம் திருப்பிக் கேட்கலாம். நேரில் பார்த்தேன். வெளிச்சம் இருந்தது, பட்டப்பகல். குடித்தது காலையில் ஒரு கோப்பி.

எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்தது இது. நாங்கள் அப்போதும் இப்போதும் கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் கீழ் டிவிஷனில்தான், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அந்த வருஷம் தோட்ட ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பழைய ஜீப்பைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெட்டிக் கொண்டுபோக வந்த சீனருக்கு முன்னால் நான் போய்ப் பேசி வாங்கிவிட்டேன். பெயருக்குத்தான் ஜீப், பின்னால் லோரி மாதிரித் திறந்த தட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்காரப் பலகை, மேடு பள்ளம் சேறு என்று பார்க்காமல் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஒரு காலத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற பெண்களை மேட்டு டிவிஷனுக்கு ஏற்றிப் போனது அதுதான். டிராக்டரை விட்டு இழுத்துக்கொண்டு வந்து சமையலறைக்குப் பக்கத்தில் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தியபோது லயமே வந்து நின்று சிரித்தது.

"ஜீப்ப ரிப்பேர் பண்ணப் போறியா, இல்ல கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்றார் அப்பா.

"ரிப்பேர் பண்ணிட்டு யோசிக்கலாம்பா."

"அதுக்குள்ள உனக்குத் துருப் பிடிச்சிரும்லா."

பானெட்டைத் திறந்தால் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோழி குஞ்சு பொரிக்கும்வரை என்ஜினில் கை வைக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார், அதனால் அடிப்பாகத்திலிருந்து ஆரம்பித்தேன். கம்பி பிரஷ்ஷால் சட்டத்தின் துருவைச் சுரண்டி, செம்பழுப்பு அடிப்பூச்சு அடித்து, இறுகிப்போன போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெளியே வராதவற்றை அறுத்து எடுத்தேன். குஞ்சு வெளியே வந்தபிறகு பிளக்குகளைக் கழற்றி டீசல் ஊற்றி வைத்து, தினமும் வேலைவிட்டு வந்ததும் ஸ்டார்ட்டிங் கம்பியை மாட்டி ஒரு தள்ளு. அசையாது. மறுநாள் ஒரு தள்ளு. ஒரு நாள் மாலை விரல்கடை அளவு அசைந்தது, நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு ஓடிவந்தார்கள். சந்தோஷமான நாட்கள் அவை. எண்ணெய்க் கையோடு படியில் உட்கார்ந்து, இன்று முடித்தது என்ன, நாளைக்கு என்ன என்று எழுதி, முடித்ததைக் கோடு போட்டு அடிப்பதில் இருக்கிற சுகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பிரேக்கில்தான் அம்மா வந்து சேர்ந்தார். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் கீழே படுத்து மரையைத் திறந்து மூட வேண்டும். அம்மாவுக்கு இடது இடுப்பு சரியில்லை, ரப்பர்ப் பால் வாளியோடு சரிவில் விழுந்ததிலிருந்து தடி ஊன்றித்தான் நடப்பார், ஆனால் பிரேக்குக்கு வலது கால் போதும். ஏற்றி உட்கார வைத்தேன்.

"மிதிமா. பிடிச்சுக்க. விடாத. ம், விடு. மறுபடியும் மிதி."

"உன்னப் பெத்தப்போ மருத்துவச்சிகூட இவ்வளவு வேல வாங்கல கலா."

"பேசாம மிதிமா, காத்து உள்ள போயிரும்."

நாலைந்து முறை மிதித்தார். பிறகு மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இது ஓடுமாடி?"

"ஓடும்."

"மேட்டு டிவிஷன் வரைக்கும் ஏறுமா?"

நான் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். அம்மா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டு டிவிஷன் மூடி வருஷக்கணக்காகிவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள், ஆட்களெல்லாம் கீழே வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த கிழட்டு ரப்பர் மரங்களையும் சாய்த்து மலையையே சீவிச் செம்பனை போடப் போகிறார்கள் என்று வேலை மேற்பார்க்கிற மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோயில் சூலத்தைக்கூடக் கீழே கொண்டுவந்தாயிற்று. அந்தக் கோயிலுக்குப் பின்னால் என் அக்கா இருந்தாள். செல்வி, எனக்கு முன்னால் பிறந்தவள், இரண்டு வயது முடியுமுன்னே காய்ச்சலில் போனவள். அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

"அங்க டிராக்டரு ஏறுறதுக்குள்ள ஒரு தடவ போயி, கொஞ்சம் பால் ஊத்திட்டு, சொல்லிட்டு வந்துரணும்" என்றார் அம்மா. "இந்தக் கால வெச்சுக்கிட்டு நடக்க முடியாது. காரும் ஏறாது." பிறகு பெடலை ஒரு முறை தானாகவே மிதித்தார். "காச்ச வந்தன்னிக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்த ஜீப்புதான் வர வேண்டியது. மழ. மேடு ஏற முடியாம கீழயே நின்னுருச்சு. உங்கப்பா தோள்ல தூக்கிக்கிட்டு எறங்குனாரு. பாதி வழியில திரும்பி வந்துட்டாரு."

நான் மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வேலை எனக்குப் பொழுதுபோக்காக இல்லை.

அந்த ஜீப்பைப் பற்றி அம்மா அன்று இன்னொன்றும் சொன்னார், அதை இங்கே சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. விடிவதற்கு முன்னால், பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், பெண்களெல்லாம் மேட்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில் வந்து நிற்பார்களாம். ஜீப் வந்து நிற்கும். டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், திரும்பினாலும் இருட்டில் ஒன்றும் தெரியாது. "ஏறியாச்சா?" என்று ஒரு சத்தம் கொடுப்பார். கடைசியாக ஏறுகிறவள் பின்பலகையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்த இரண்டு தட்டு கேட்காமல் வண்டி நகராது. மேலே போய் இறங்கும்போதும் அதே மாதிரிதான்.

வேலை முடிந்தது, ஒன்றைத் தவிர. முன் சக்கரங்களுக்கு இழுப்பைக் கொண்டுபோகிற தண்டின் இணைப்பு தேய்ந்துபோயிருந்தது. புதியது கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், வருகிறது வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. அதனால் பின் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். டிராக்டர்கள் திங்கட்கிழமை ஏறுகின்றன என்று செய்தி வந்துவிட்டது.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். "நாளைக்கி மொதல்ல நீ மட்டும் ஏறிக் காமி. ஏறுச்சுன்னா ஞாயித்துக்கெழம அம்மாவ ஏத்து. ஏறலன்னா பேசக்கூடாது. அவள பாதி வழியில எறக்கி நிக்க வெக்கிற வேல வேணாம்." பாதி வழி என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வரை மழை. விட்டதும் கிளம்பினேன். கொட்டகை வரைக்கும் வண்டி அழகாகப் போனது, என்ஜின் சத்தம் தைத்த மாதிரி ஒரே சீராக இருந்தது, கியர் மாற்றும்போது ஒரு முனகல் இல்லை. அந்தக் கொட்டகைக்குக் கூரை போய்விட்டது, நான்கு கம்பம் மட்டும் கொடி சுற்றி நின்றது. அதைத் தாண்டினால் மேடு, செம்மண், ஊறிப்போய் வெண்ணெய் மாதிரி.

முதல் முறை பாதிகூட ஏறவில்லை. பின் சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். கல்லைப் பொறுக்கிப் போட்டேன். பின்னால் தள்ளி வேகம் எடுத்து ஓட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது, உயிர் போய் வந்தது. காரணம் தெளிவாகத் தெரிந்தது. பின்தட்டு காலி. பாரம் இல்லாத பின்சக்கரம் ஈர மண்ணைப் பிடிக்காது. மணல் மூட்டை போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பிப் போய் மூட்டை ஏற்றி வர நேரமில்லை, வானம் மறுபடியும் கறுத்து நின்றது, இன்னொரு மழை விழுந்தால் அவ்வளவுதான். மெதுவாகப் பின்னாலேயே இறங்கிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தினேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. எரிச்சல்தான், வேறு ஒன்றுமில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நான் திரும்பிப் பார்க்காமல், கேலியாகத்தான், உரக்க, "ஏறியாச்சா?" என்றேன்.

வண்டி பின்னால் தாழ்ந்தது.

நம்பினால் நம்புங்கள். ஒரு ஆள் பின்னால் ஏறினால் வண்டி எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும். கால் வைத்த பக்கம் முதலில் தாழும், ஆள் உள்ளே நகர்ந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் நிமிரும், முன்பிருந்ததைவிடச் சற்றே இறங்கி நிற்கும். அப்படித்தான் அசைந்தது. வலது பக்கம், பிறகு இடது பக்கம், பிறகு மறுபடி வலது. புதிதாகக் கிரீஸ் போட்ட பட்டை ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு முறையும் மெல்ல ஒரு பெருமூச்சு விட்டன. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எதையும் எண்ணுகிற நான், அன்று எண்ணவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். காலிப் பலகை, அதில் மழைத்தண்ணீர், அதற்குப் பின்னால் கொட்டகைக் கம்பம். பேச்சுச் சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை, கதைகளில் வருகிற எதுவும் இல்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீரிங் லேசாகிவிட்டது, பின்னால் நிறையப் பாரம் ஏற்றினால் ஆகிற மாதிரி.

பிறகு பின்பலகையில் இரண்டு தட்டு. டப், டப்.

பயந்தேனா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், என் தலையில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. இப்போது பாரம் இருக்கிறது. முதல் கியரைப் போட்டேன், கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி மேட்டில் கால் வைத்து, ஒரு இடத்தில்கூட வழுக்காமல், சுமை தூக்கிய மாடு மாதிரி ஒவ்வொரு அடியாக மேலே ஏறியது.

உச்சியில் பழைய கோயில் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே, "எறங்கியாச்சா?" என்று கேட்டேன். பின்பக்கம் ஒவ்வொரு அசைவாக நிமிர்ந்தது. கடைசியில் அதே இரண்டு தட்டு. ஸ்டீரிங் பழையபடி கனத்தது.

இறங்கிப் பார்த்தேன். மேட்டில் ஏறி வந்த டயர் தடம் சேற்றில் ஆழமாக இருந்தது, என் நடுவிரல் முழுக்க உள்ளே போனது. வண்டியைத் திருப்புவதற்காகக் கோயிலுக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்தேன், பிறகு அந்தத் தடத்தையும் இறங்கிப் பார்த்தேன். அதே சேறு, அதே டயர், விரலின் முதல் கணுவரைக்கும்தான் இருந்தது. இதை நான் மூன்று இடத்தில் பார்த்தேன். சுற்றிலும் காடு மண்டிக் கிடந்த இடத்தில் என்னைத் தவிர ஒரு காலடி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சக்கரத்துச் சேற்றைப் பார்த்தார்.

"ஏறுச்சா?"

"ஏறுச்சுப்பா."

"காலி வண்டியா ஏறுச்சு? பொய் சொல்லாதலா. லோடு இல்லாம அது ஏறாது."

"கொஞ்சம் லோடு இருந்துச்சு" என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாயந்திரம் மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து பின்தட்டில் அவரே அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு போத்தலில் பாலும் ஒரு பொட்டலம் கற்கண்டும் மடியில் வைத்து முன்னால் உட்கார்ந்தார். அப்பா வரமாட்டேன் என்று முதல்நாள் சொல்லியிருந்தார். நான் வண்டியைக் கிளப்பியபோது இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஏறி, பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்தார். மணல் மூட்டைப் பாரத்தில் மேடு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கொட்டகையைக் கடக்கும்போது நான் நிறுத்தவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

கோயிலுக்குப் பின்னால் லாலான் புல் இடுப்பளவு இருந்தது. அப்பா பாராங் கத்தியால் வெட்டி வழி செய்தார். அம்மா தடியை ஊன்றி நின்று, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... ம்ம், அந்தக் கல்லு" என்றார். ஆற்றிலிருந்து எடுத்து வந்து வைத்த வழுவழுப்பான ஒரு கறுப்புக் கல், அவ்வளவுதான். உட்கார முடியாததால் நின்றபடியே பாலை ஊற்றினார். கற்கண்டை என்னிடம் கொடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

"செல்வி" என்றார், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாக. "இந்த எடத்த நாளைக்கி சீவப் போறாங்கம்மா. வண்டி வந்துருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், இறக்கத்துக்குப் பாரம் வேண்டாம் என்று மணல் மூட்டைகளைத் தூக்கிப் பாதையில் நீர் அரித்த பள்ளத்தில் போட்டார். ஒன்றுவிடாமல் எல்லா மூட்டையையும். பின்தட்டு துடைத்த மாதிரிக் காலியாகிவிட்டது. மூன்று பேரும் முன்னாலேயே நெருங்கி உட்கார்ந்தோம், நடுவில் அம்மா, ஓரத்தில் அப்பா. அப்பா கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் அவரிடம்தான் கேட்டேன், சத்தியமாக அவரிடம்தான்.

"ஏறியாச்சா?"

அப்பா பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டது. முதல்நாள் கேட்ட மாதிரி இல்லை. மெதுவாக, ஈரக் கையால் தட்டின மாதிரி, பலகையின் மேல்விளிம்பில் இல்லாமல் எங்கோ கீழே.

"யாருலா அது?" என்று அப்பா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். புல்தான் ஆடிக்கொண்டிருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா பின்னால் திரும்பவில்லை. "வண்டிய எடு கலா" என்றார். "பையப் போ. திருப்பத்துல வேகம் வேணாம்."

பையத்தான் போனேன். நான் எப்போது ஓட்டினாலும் கியர், பிரேக், பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வருகிற அப்பா அன்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் கையைப் பின்னால் நீட்டி, முன்பக்கத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். யாரும் விழுந்துவிடாமல் அணைத்துப் பிடிக்கிற மாதிரி.

வீட்டில் சிமெண்டுத் தரையில் நிறுத்திவிட்டுச் சேறு கழுவும்போதுதான் கவனித்தேன். வண்டி பின்னால் இடது பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் தாழ்ந்திருந்தது. நான் என் வேலையை ஆரம்பித்தேன். டயர் காற்று இரண்டிலும் சமம். சட்டம் வளைந்திருக்குமோ என்று மூலைக்கு மூலை அளந்தேன், நேராக இருந்தது. ஸ்பிரிங்கின் பட்டையில் விரிசலா என்றால் இல்லை. அடுத்த வாரம் இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். ஸ்பிரிங்கில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் தாழ வேண்டும். இடது பக்கம்தான் தாழ்ந்தது. ரந்தாவ் வொர்க்‌ஷாப்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லலா, யாரோ பின்னால ஒக்காந்துருக்காங்க, எறங்கச் சொல்லு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் வலது பக்கம் பாரம் வைத்துப் பார்த்தேன். பத்து கிலோ அரிசிப் பை ஒன்று வைத்ததும் வண்டி சமமாக நின்றது.

"அரிசிய ஏன்டி அங்க வெக்கிற, எறும்பு வரும்" என்றார் அம்மா. எதற்கு வைக்கிறேன் என்று கேட்கவில்லை.

அதோடு அந்த வரிசையில் இருந்த எல்லாக் காரணத்தையும் அடித்துவிட்டேன். பட்டியல் காலி. நீங்கள் நினைப்பீர்கள், வண்டியை விற்றிருப்பார்கள் என்று. இல்லை. நன்றாகத்தான் இருக்கிறோம். முன்தண்டு இணைப்பு ஒருவழியாக வந்தது, மாட்டினேன். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறோம், கோலா பிலாவில் சித்தி வீட்டுக்குப் போகிறோம். சாயந்திரமானால் அம்மா பின்தட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார், எப்போதும் வலது பக்கப் பலகையில். இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறார். அப்பா பின்பலகைக்கு ஒரு புதுக் கொண்டி செய்து மாட்டினார். இதைப் பற்றி நாங்கள் மூவரும் இதுவரை ஒரு முறைகூடப் பேசியதில்லை.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது வருஷாவருஷம் அளந்து பார்ப்பேன், பழக்கதோஷம். பத்து கிலோ பை அடுத்த வருஷம் போதவில்லை. அதற்கடுத்த வருஷம் கூடக் கொஞ்சம் சர்க்கரை வைத்தேன். ஐந்து வருஷம் ஆன இப்போது இருபது கிலோவுக்கு மேல் வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் பழசானால் சோரும், அது இரும்பின் குணம், எழுதி வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன், போன ஆண்டு இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டேன், மாற்றமில்லை, சரி, ஏதோ ஒன்று, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன், ஜீப் சமமாக நிற்கிறது. அளவுநாடாவை எடுத்து அளந்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அவள் போய்விட்டாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. மதியம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி விட்டு, பிள்ளைகள் பையை ஆட்டிக்கொண்டு லயத்துப் பாதையில் கத்திக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். நான் ஜன்னலருகில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சத்தம் ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் ரம்புத்தான் மரத்தடியில் ஸ்பிரிங் பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு லீவு கிடைக்கிற நாளெல்லாம் கவனித்து வருகிறேன். பள்ளிக்கூட நாளில் மதியம் வரை வண்டி சமமாக நிற்கிறது. சனி ஞாயிறுகளில் காலையிலும் தாழ்ந்துதான் இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டால் நாள் முழுக்க.